தோணாக்கரையை விட்டு எழுதிய பட்டியல்

மகனே,

போன மார்கழி வெள்ளத்தில் தோணாக்கரையின் பதினொரு வீட்டாருக்கு நிவாரணம் கிடைக்காமல் செய்தவன் நான். பட்டியலை எழுதியது என் கை. அவர்கள் காரைதீவில் எல்லாம் வாங்கிவிட்டார்கள் என்று வெளிநாட்டு நிவாரணச் சங்கத்து மிஸியிடம் பொய் சொன்னது என் வாய். அந்தப் பொய்யை இங்கிலீசில் எடுத்துச் சொல்ல உன்னை நடுவில் நிறுத்தியவனும் நான்தான். ஒன்பது நாள் அந்தச் சனம் வெள்ளத் தண்ணீரைக் குடித்தது. இஸ்மாயிலின் எட்டு மாதக் குழந்தை வயிற்றோட்டத்தில் மௌத்தானது. இவ்வளவையும் எழுதி முடித்த பிறகுதான் உனக்கு ஸலாம் சொல்லும் தகுதி வரும் என்று நினைத்தேன். அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தின் உறையை நான் ஒட்டவில்லை. ஒரு பிரதி மருதமுனையில் உன் மனைவி வீட்டுக்கு வரும். இன்னொன்று வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நம் பள்ளிவாசல் கதவில் ஒட்டப்படும். வாசிக்கத் தெரியாதவர்களுக்கு நானே பக்கத்தில் நின்று வாசித்துக் காட்டுவேன். பொய்யை ஊர் கேட்கச் சொன்னவன் உண்மையை மகனின் காதுக்குள் மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. மாத முடிவில் நீ கொழும்பில் கப்பல் ஏறுகிறாய், அதே சங்கத்தோடு அரபு நாட்டு அகதிக் கூடாரங்களுக்குப் போகிறாய் என்பதை உன் உம்மா சொல்லித்தான் அறிந்தேன். பஸ்ஸில் கால் மணி நேரத் தூரத்தில் இருக்கிற மகனின் பயணத்தை மனைவியின் வாயால் கேட்க நேர்ந்தது எனக்குக் கோபம்தான். மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கோபத்தை எழுதுவதற்கு முன் எழுத வேண்டியவை நிறைய இருக்கின்றன.

வெள்ளத்தை உனக்கு விவரிக்க வேண்டியதில்லை. நீயும் இடுப்பளவு தண்ணீரில் நின்றவன். மேற்கே அந்தப் பெரிய அணையைக் கட்டியபோது இனிமேல் இந்தக் கரையோரத்துக்கு வெள்ளப் பயமே இல்லை என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். அந்தத் துண்டை நான் வெட்டி வைத்திருந்தேன். மழை விடாமல் பெய்து, சின்னக் குளங்கள் ஒவ்வொன்றாக உடைந்தபோது மாவடிப்பள்ளி வயல்வெளி முழுக்கக் கடலாகி, வீதி இருந்த இடத்தில் வள்ளம் ஓடியது. முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டிவிடப் போன ஆட்கள் திரும்பி வர வழியில்லாமல் தென்னைகளில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் பாதி பள்ளிவாசலுக்குள்ளும் மீதி நீ படிப்பிக்கிற பள்ளிக்கூடத்திலும் கிடந்தது. மூன்றாம் நாள் ஹெலிகொப்டர் வந்து மூட்டை போட்டபோது, இரண்டாம் உலக யுத்த காலத்தில் திருகோணமலையில் குண்டு விழுந்த கதையைக் கேட்டிருந்த கிழவர்கள் எல்லாம் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். நானும் படுத்தேன். நீ வந்து, "வாப்பா, எழும்புங்க, அது மா மூட்டை" என்று என் கையைப் பிடித்துத் தூக்கினாய். நாங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

ஐந்தாம் நாள் அந்தச் சங்கத்தின் படகு வந்தது. இரண்டு ஆண்கள், நர்ஸ் வேலை பார்க்கிற ஒரு மிஸி. மிஸிக்கு என் வயது இருக்கும். கணுக்காலில் அட்டை கடித்து இரத்தம் ஓடிக்கொண்டிருக்க, அதைப் பார்க்காமலே பேசிக்கொண்டிருந்தார். நம் ஊரில் இங்கிலீசு கதைக்கத் தெரிந்தவன் நீ ஒருவன் என்பதால் உன்னை முன்னே தள்ளினோம். அரசாங்கத்துக்குப் பட்டியல் எழுத வேண்டிய விதானையார் அக்கரைப்பற்றுப் பக்கம் சிக்கிக்கொண்டிருந்தார். ஆகவே பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார்மார் எழுதித் தருவதுதான் பட்டியல் என்று ஆயிற்று. மரைக்கார்மாரில் எழுதக்கூடியவன் நான். பள்ளிக்கூடப் பக்கமே போகாமல், கடைச் சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களை வைத்து எழுத்துப் படித்தவன் என்ற பெருமை வேறு எனக்கு. பேனாவை யாரும் என்னிடம் தரவில்லை. நானாகவே எடுத்தேன்.

வெளியூரார் யாராவது இந்தக் கடிதத்தை வாசித்தால் விளங்க வேண்டும் என்பதற்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடி உண்டு. அது தாய் வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் உண்டு. கல்யாணம் முடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போய் அங்கே இருப்பான்; வீடும் வளவும் பெண்ணுடையவை. கந்தூரி விருந்துக்குச் சோறு ஆக்கினால், குடி குடியாகப் பிரித்து மரைக்காரிடம் கொடுப்பார்கள், அவர் தன் குடி வீடுகளுக்கு அனுப்புவார். இந்த முறையில் எங்கள் ஊரில் நூறு வருடமாக ஒரு சகன் தட்டுச் சோறு கூட வழி தவறியதில்லை. அதனால்தான் மிஸி பட்டியல் கேட்டதும் நான் யோசிக்கவே இல்லை. குடிக் கணக்கு எழுதி வைத்த கந்தூரிக் கொப்பியை எடுத்து விரித்தேன்.

மிஸி கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். முற்றாகப் போன வீடு எத்தனை, பால் குடிக்கிற பிள்ளை எத்தனை, வயிற்றுப் பிள்ளைக்காரிகள் எத்தனை பேர் என்றுதான் கேட்டார். நான், "எங்கட ஊரில ஏழு குடி" என்று தொடங்கினேன்.

"அவ குடி எத்தினை என்டு கேக்கல்ல வாப்பா. பால்குடிப் புள்ள எத்தினை என்டு கேக்கிறா."

"புள்ளயெல்லாம் குடிக்குள்ளதான் இரிக்கி. நீ நான் செல்றதச் செல்லு."

நீ சொன்னாய். ஏழு குடிக்கும் சமமாகப் போர்வை, மா, பால்மா, சீனி என்று பிரிக்க முடிவாயிற்று. எங்கள் குடி மேட்டில் இருக்கிற குடி. எங்களுக்குக் கிணற்றடி நனைந்ததே தவிர வேறு சேதம் பெரிதாக இல்லை. ஆனாலும் எங்கள் பங்கு எங்களுக்கு வந்தது. உன் உம்மா அந்தக் கம்பளிப் போர்வையைத் தடவிப் பார்த்து, "இது நமக்கு எதுக்கு?" என்றாள். "பங்கு என்டா பங்குதான்" என்றேன்.

அப்போதுதான் இஸ்மாயில் வந்தான். தோணா என்கிற கடலோர ஓடையைக் கழுத்தளவு தண்ணீரில் கடந்து, சாரத்தைத் தலையில் கட்டிக்கொண்டு வந்திருந்தான். இஸ்மாயில் யார் என்றும் ஊர் அறியாத ஒருவருக்காக எழுதுகிறேன். அவன் மௌத்தாகிப்போன என் தங்கச்சியின் ஒரே மகன், கரைவலைத் தொழிலாளி. நம் வழக்கப்படி பெண் வீட்டுக்குப் போகாமல், பாலமுனையிலிருந்து சுலைஹா என்ற பெண்ணை முடித்து இங்கே கூட்டிவந்து, தோணாக்கரையில் தென்னோலைக் கிடுகு வீடு போட்டு இருந்தவன். தோணாக்கரையில் இருக்கிற பதினொரு வீடும் அப்படித்தான். எல்லாம் வெளியூர்ப் பெண்கள். பெண்ணுக்கு இங்கே குடி இல்லாததால் வீட்டுக்கும் குடி இல்லை. கந்தூரிக் கொப்பியில் அந்தப் பதினொரு வீடும் இல்லை.

"மாமா, எங்கட பேரு இரிக்கா?" என்று கேட்டான்.

"ஒன்ட உம்மாட வீட்டுப் பங்கு ஒன்ட தங்கச்சிக்குப் போயிட்டு. நீ அந்த வீட்டு ஆளா?"

"இல்ல மாமா. நான் கலியாணம் முடிச்சவன்."

"அப்ப ஒன்ட பொண்டாட்டிட குடி மரைக்காரிட்டப் போய்க் கேளு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாலமுனைப் பெண்ணுக்கு நம் ஊரில் குடியும் இல்லை, மரைக்காரும் இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நல்ல பகிடி விட்டதாக நினைத்து நானும் சிரித்தேன். இஸ்மாயில் சிரிக்கவில்லை. "புள்ளைக்கு மட்டும் கொஞ்சம் பால்மா தாங்க மாமா, போர்வையெல்லாம் வேணாம்" என்றான். நான் வேறு பக்கம் திரும்பி அடுத்த பெயரைக் கூப்பிட்டேன்.

மிஸி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பாஷை தெரியாதவருக்கும் ஒருவன் வெறுங்கையோடு திரும்புவது விளங்கும். படகில் வரும்போது தோணாப் பக்கம் கூரை முகடுகள் மட்டும் தெரிந்தனவே, அந்தச் சனம் எங்கே என்று உன்னிடம் கேட்டார். நீ என்னைக் கேட்டாய். கடற்கரை மணல் மேட்டில், பாய்மரத் துணிக்குக் கீழே அவர்கள் கிடக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் சொன்னேன்: "அவங்க காரைதீவுப் பள்ளிக்கூடத்தில இரிக்காங்க. அங்க எல்லாம் வாங்கிட்டாங்க."

"வாப்பா..." என்றாய்.

"செல்லு."

ஊர் நடுவில், மரைக்கார்மாருக்கு முன்னால், நம் பிள்ளைகள் வாப்பாவை மறுத்துக் கதைப்பதில்லை. அதை நம்பித்தான் சொன்னேன். நீ ஒரு கணம் நிலத்தைப் பார்த்துவிட்டு, மிஸியிடம் திரும்பி, நான் சொன்னதைச் சொன்னபடி சொன்னாய். அவர் கொப்பியில் ஏதோ குறித்துக்கொண்டார். அன்று பின்னேரமே அவர்கள் உன்னையும் ஏற்றிக்கொண்டு பாலமுனை, அக்கரைப்பற்றுப் பக்கம் போனார்கள். நீ ஒன்பது நாள் கழித்து வந்தபோது நாங்கள் குழந்தையை அடக்க மையவாடியில் நின்றுகொண்டிருந்தோம்.

இனி நான் இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். இவ்வளவு நேரம் எழுதியதை வாசிக்கிறவர், பாவம் கிழவன், ஊர் வழக்கத்தில் ஊறிப்போய்ப் பிழை விட்டுவிட்டான் என்று நினைக்கலாம். நானும் பல மாதம் அப்படி நினைத்தே தொழுதேன், சாப்பிட்டேன், படுத்தேன். அது உண்மையல்ல. வழக்கம் எனக்குக் கிடைத்த போர்வை. உன் ராத்தாவை, என் மூத்த மகளை, இஸ்மாயிலுக்குத்தான் முடிப்பது என்று என் தங்கச்சி கண் மூடுமுன் பேசியிருந்தோம். மாமன் மகளை முடிப்பது அவனுக்கு உரிமை, எனக்கு மரியாதை. வீடு கட்டி, கூரையும் போட்டுவிட்டேன். அவன் வந்து, "மாமா, கோவிக்காதீங்க, நான் பாலமுனையில ஒரு புள்ளையப் பார்த்திரிக்கன்" என்றான். உன் ராத்தாவுக்கு வேறு நல்ல மாப்பிள்ளை கிடைத்தார், அவள் சந்தோஷமாக இருக்கிறாள், இஸ்மாயிலை அவள் நினைப்பதுகூட இல்லை. நினைத்துக்கொண்டிருந்தவன் நான். நாலு வருடம் அவன் ஸலாமுக்கு வாய்க்குள் பதில் சொன்னேன். வெள்ளம் வந்தபோது என் கையில் ஒரு கொப்பி இருந்தது, அவன் கை நீட்டிக்கொண்டு வந்தான். மற்றப் பத்து வீட்டாரோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. ஒருவனை விடுவதற்காக, அது வழக்கம் போலத் தெரிய வேண்டும் என்பதற்காக, பதினொன்றையும் விட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் வாப்பா பாலமுனைக்காரர். இந்த ஊரில் பெண் எடுத்து வந்தவர். என் உம்மா இந்த ஊர்ப் பெண் என்பதால் எனக்குக் குடி உண்டு, அதனால் நான் மரைக்கார். மாறி, வாப்பா இந்த ஊராகவும் உம்மா பாலமுனையாகவும் இருந்திருந்தால், அந்த மணல் மேட்டில் பாய்மரத் துணிக்குக் கீழே நானும் கிடந்திருப்பேன். இது எனக்குப் பேனாவைப் பிடித்தபோதும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன்.

குழந்தையின் ஜனாஸாவுக்கு நான் போனேன். போகாவிட்டால் ஊர் பேசும். பள்ளிவாசலில் கபுறுக் குழி வெட்டுகிறவர், எந்தக் குடி வரிசையில் வெட்டுவது என்று என்னைத்தான் கேட்டார். நம் மையவாடியிலும் குடி குடியாகத்தான் அடக்குகிறோம். நான் வாய் திறப்பதற்கு முன் இஸ்மாயில் கையில் அந்தச் சின்ன மையத்தோடு நின்று கேட்டான்: "மாமா, இதுக்கும் குடி வேணுமா?" அவன் சத்தம் போடவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிறவனைப் போலக் கேட்டான். நீ படகால் இறங்கி, நனைந்த காற்சட்டையோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டாய். நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்காமல் மண் அள்ளிப் போடப் போனாய். குழந்தையை வேலி ஓரத்தில், ஒரு குடிக்கும் சேராத இடத்தில் அடக்கினார்கள். நான் "ஓரத்தில வெட்டுங்க" என்று சொல்லித்தான்.

அதற்கு அடுத்த நாள் காரைதீவு விவசாயிகள் சிலர் வள்ளத்தில் அவித்த சோறும் கீரையும் கொண்டுவந்து மணல் மேட்டில் இறக்கினார்கள். அவர்களுடைய வயலும் போயிருந்தது. யார் எவர் என்று அவர்கள் கேட்கவில்லை. "சாப்பிடுங்க, பானை திருப்பித் தந்தாச் சரி" என்றார்களாம். என் பொய்யின் பாதி அன்று உண்மையானது. இதைவிடப் பலமாக என்னை யாரும் செருப்பால் அடித்திருக்க முடியாது.

வெள்ள நாளில் நீ நம் வீட்டு அறையில் விட்டுப்போன சங்கத்துச் சின்னப் புத்தகத்தை எடுத்து, கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்ற என் அகராதியை வைத்து, நாலு மாதமாக வாசித்தேன். என் இங்கிலீசு உனக்குச் சிரிப்பு. ஆனாலும் வாசித்து முடித்தேன். இப்படியான சங்கங்கள் எல்லாம் சண்டையில்தான் பிறந்திருக்கின்றன. போர் முடிந்த வயலில் காயப்பட்டவர்கள் கிடக்க, பக்கத்து ஊர்ப் பெண்கள் இந்தப் பக்கத்துச் சிப்பாய்க்கும் அந்தப் பக்கத்துச் சிப்பாய்க்கும் தண்ணீர் கொடுத்தார்களாம். அதைக் கண்டவர்கள், இதை ஒரு ஒழுங்காகச் செய்தால் என்ன என்று கூடியிருக்கிறார்கள். முதலில் காயக்காரருக்கு மட்டும். பிறகு சிறைப்பட்டவர்களுக்கு, அவர்களின் கடிதங்களுக்கு. முதல் உலக யுத்தம் முடிந்து தோற்ற நாட்டுப் பிள்ளைகள் பட்டினி கிடந்தபோது, எதிரியின் பிள்ளைக்கு எதற்குப் பால் என்று வென்ற நாட்டிலேயே ஏசினார்களாம். ஏச்சைக் கேட்டுக்கொண்டே அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த யுத்தத்துக்குப் பிறகு வீடு இழந்து அலைந்தவர்களுக்குக் கூடாரம், அதன் பிறகுதான் நம்மைப் போன்ற நாடுகளுக்குப் பஞ்சத்துக்கும் வெள்ளத்துக்கும். இவ்வளவு தூரம் வந்த பயணத்தில் அவர்கள் கற்றுக்கொண்டது ஒரு சட்டம்: யாருடைய ஆள் என்று கேட்காதே, என்ன தேவை என்று கேள். வாசித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இதைப் புதிதாகக் கண்டுபிடித்தது போல எழுதியிருக்கிறார்களே என்று. பக்கத்து வீட்டான் பசித்திருக்க வயிறு நிறையச் சாப்பிடுகிறவனைப் பற்றி எங்கள் மார்க்கம் சொன்னதை நானே எத்தனை வெள்ளிக்கிழமை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன்! ஆத்திரம் அடங்கிய பிறகு வந்தது வெட்கம். எனக்குத் தெரிந்த ஒன்றை, கடல் கடந்து வந்த ஒரு பெண் எனக்கு முன்னால் நின்று கேள்வியாகக் கேட்டார். நான் அதற்குக் கந்தூரிக் கொப்பியை நீட்டினேன்.

அவர்களையும் நான் விடப்போவதில்லை. கொடி பார்க்காமல் கொடுக்கிறோம் என்று எழுதுகிறவர்கள், மா மூட்டை ஒவ்வொன்றிலும் ஒரு நாட்டின் கொடியைக் குத்தி அனுப்புகிறார்கள். இந்தச் சூட்டில் கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டு அனுப்பினார்கள். உன் உம்மா அதை வெட்டித் தலையணைக்குள் அடைத்தாள். கொதித்தாறின தண்ணீர் இல்லாத இடத்தில் பால்மாவைக் கொடுத்தார்கள். வாங்கின வீடுகளிலும் பிள்ளைகளுக்கு வயிறு போனது, ஏன் என்று மறுகா வந்துதான் விளக்கினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, தோணாக்கரை கண்ணுக்கு எட்டின தூரத்தில் இருந்தது. படகைத் திருப்பி ஒரு தரம் பார்த்திருக்கலாம். வெள்ளைத் தொப்பியும் தாடியும் வைத்துத் தெளிவாகக் கதைத்த ஒருவன் சொன்னதை நம்புவது அவர்களுக்கு வசதியாக இருந்தது. இதை எழுதுவது என் குற்றத்தை அவர்கள் தோளில் இறக்க அல்ல. நீ அந்தத் தொழிலுக்குப் போகிறாய், அதனால் எழுதுகிறேன்.

நீ போகிற கூடார வரிசைகளிலும் என்னைப் போல ஒருவன் இருப்பான். அவன்தான் முதலில் எழும்பி வந்து உன்னை வரவேற்பான். தேத்தண்ணீர் தருவான். யார் நல்லவர், யார் கள்ளன், யார் ஏற்கனவே வாங்கிவிட்டார் என்று அவனிடம் எல்லாம் எழுதி ஆயத்தமாக இருக்கும். அவன் பொய்யன் போலத் தெரிய மாட்டான், ஊருக்கு உழைக்கிறவன் போலத்தான் தெரிவான், பாதி உழைத்தும் இருப்பான். அவன் பட்டியலை மரியாதையாக வாங்கு. வாங்கிவிட்டு, அவன் கூட்டிப்போகாத பக்கத்துக்கு நீ நடந்து போ. உனக்கு மொழிபெயர்க்கிற பையன் ஒருவன் ஒரு கணம் நிலத்தைப் பார்த்துவிட்டுக் கதைத்தால், அவன் சொல்வதை எழுதாதே. அவனைத் தனியே கூப்பிட்டுக் கேள்.

அன்று நீ என்னை மறுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மறுத்திருந்தால் அந்த இடத்திலேயே உன்னை அடித்திருப்பேன், அதன் பிறகும் பொய்யைச் சொல்லியிருப்பேன். என்னை எனக்குத் தெரியும். ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன். இத்தனை மாதம் நீ என் வளவைக் கடந்து பள்ளிக்கூடம் போனாய், ஒரு நாளும் ஸலாம் சொல்லவில்லை. வந்து என் முகத்துக்கு நேரே ஏசியிருக்கலாம். ஏச்சுக்கு நான் தகுதியானவன். தெரியாதவனைப் போல நடந்து போனது உன் பிழை. அதை நீ திருத்த வேண்டும்.

இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், அதே சங்கம் மறுபடி வந்திருக்கிறது. கல்முனையில் கந்தோர் என்று ஒரு அலுவலகம் போட்டிருக்கிறார்கள். வீடு இழந்தவர்களுக்குக் கூரைத் தகரமும் மரமும் தருகிறார்களாம். போன கிழமை மரைக்கார்மார் கூடி, பழைய பட்டியலையே கொடுத்துவிடுவோம் என்றார்கள். நான் கூடாது என்றேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிற ஆதம்லெப்பை மரைக்கார் சிரித்தார். "நீங்க எழுதின பட்டியல்தானே காக்கா இது! ஒங்கட கையெழுத்துத்தானே!"

"ஓம். நான் எழுதினதுதான். அதாலதான் கூடாது என்றன்."

"வயசு போனா ஆளுக்கு இளக்கம் வாறதுதான். மருமகன்ட புள்ள மௌத்தானதுக்கு நாங்க என்ன செய்ற?"

"நீங்க ஒண்டும் செய்ய வேணாம். நான் செஞ்சதச் செல்லத்தான் வந்தன்" என்று சொல்லி, மேலே எழுதியதை எல்லாம் அங்கேயே சொன்னேன். பிறகு ஆதம்லெப்பை, "இதெல்லாம் வெளியில கதைக்கிற கதையா?" என்று கேட்டார். பட்டியலை எடுத்து மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். ஆறு பேர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். வருகிற திங்கட்கிழமை அவர்கள் அதைக் கந்தோரில் கொடுக்கப் போகிறார்கள். கொடுத்தால் தோணாக்கரையில் இந்த மாரியும் கிடுகுக்குக் கீழேதான். அதனால் வெள்ளிக்கிழமையே இந்தக் கடிதம் கதவில் ஏற வேண்டியிருக்கிறது. செய்ய வேண்டியவற்றையும், யார் செய்ய வேண்டும் என்பதையும் எழுதி முடிக்கிறேன்.

மரைக்கார்மார் ஆறு பேரும் கந்தூரிக் கொப்பியைக் கந்தூரிக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கூரைக்கான பட்டியலை வீடு வீடாக நடந்து, கூரை இல்லாத வீட்டை முதலில் வைத்து எழுத வேண்டும். நடக்க முடியாது என்றால் பேனாவை நடக்கக்கூடிய இளம் ஆசிரியர்களிடம் கொடுக்க வேண்டும்.

என் இடத்துக்கு எங்கள் குடியார் வேறொருவரைத் தெரிவு செய்ய வேண்டும். பெருநாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கபுறு வெட்டுகிறவர் மையவாடி வேலியைப் பிடுங்கி அந்தக் குழந்தையின் கபுறுக்கு அப்பால் நட வேண்டும். கூலி என்னுடையது. இனி வருகிற மையத்துக்கு அவர் குடி கேட்க வேண்டியதில்லை.

உன் உம்மா அந்தப் போர்வையையும் எங்கள் பங்குக்கு வந்த மற்றதையும் எடுத்து வைத்திருக்கிறாள். அவளே கொண்டுபோய்ச் சுலைஹாவிடம் கொடுக்கட்டும். நான் கொடுத்தால் அவள் வாங்க வேண்டிய கட்டாயம் வந்துவிடும்.

உன் ராத்தா இஸ்மாயில் வீட்டுக்குப் போய் வர வேண்டும் என்று ஆசைப்பட்டு என்னிடம் கேட்கப் பயந்திருக்கிறாள் என்று அறிந்தேன். போகட்டும்.

சங்கத்தார் மூட்டை அனுப்புமுன் தங்கள் கண்ணால் தோணாவைக் கடந்து பார்க்க வேண்டும். வள்ளம் நான் ஏற்பாடு செய்கிறேன்.

இஸ்மாயிலும் சுலைஹாவும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. என்னை மன்னிக்க வேண்டியதும் இல்லை. யாரும் அவர்களிடம் போய் எனக்காகக் கதைக்கக் கூடாது.

நீ கப்பலுக்குப் போகும் நாளில் வந்து உம்மாவுக்கும் எனக்கும் ஸலாம் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

நான் திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில், ஆதம்லெப்பை போகுமுன் கல்முனைக் கந்தோருக்குப் போய், அந்த மிஸிக்கு முன்னால் நின்று, நான் பொய் சொன்னேன், என் மகன் சொன்னது என் பொய் என்று சொல்ல வேண்டும். சொல்ல வேண்டிய இங்கிலீசை நானே எழுதி, மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். இந்தத் தரம் நீ நடுவில் நிற்க வேண்டாம்.

உன் வாப்பா